டயர் கடையின் கணக்கும் பெயரும் போட்டியும்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டயர் கடையில் கூட்டாளியாகச் சேரும்படி ஒருவருக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை வாசலில் எந்நேரமும் நாலு வண்டி நிற்கிறது. ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் விற்பனை என்கிறார்கள். பெயரைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். இவை மூன்றும் நல்ல அறிகுறிகள்தாம் என்றாலும், பணம் போடுவதற்கு இவற்றில் ஒன்றுகூடப் போதுமான காரணம் ஆகாது. டயர் சில்லறை வணிகத்தில் பொருளின் விலை, தள்ளுபடியின் அளவு, வாசலில் மாட்டியிருக்கும் பலகை ஆகியவற்றில் பெரும்பகுதி உற்பத்தி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆகவே ஒரு டயர் கடையின் நிதிநிலையையும் வணிகக்குறியையும் (டிரேட்மார்க்) போட்டியாளர்களையும் ஆராய்வது என்பது, கடைக்கே சொந்தமானது எது, இரவலாக வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

கணக்கு எங்கே கிடைக்கும் என்பது கடையின் சட்ட வடிவத்தைப் பொறுத்தது. தனிநபர் உரிமைக் கடையானாலும் கூட்டாண்மைக் கடையானாலும் அதன் கணக்கை வெளியார் பார்க்க வழியில்லை. உரிமையாளர் காட்டினால்தான் உண்டு. அப்படிக் காட்டும்போது வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எனும் சரக்கு, சேவை வரிக்காகத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவங்கள், வங்கிக்குக் கொடுத்த சரக்கிருப்புப் பட்டியல் ஆகியவற்றை ஒரே ஆண்டுக்கு வாங்கி அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மார்ச் 31-ஆம் தேதியன்று வரித்துறைக்கு ஒரு சரக்கிருப்பு, வங்கிக்கு வேறொரு சரக்கிருப்பு என்று இரண்டு எண்கள் வந்தால், மேற்கொண்டு என்ன கேட்க வேண்டும் என்பதை அந்த வித்தியாசமே சொல்லிக்கொடுத்துவிடும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் வேலை எளிது. அது ஆண்டுதோறும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்திடம் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். சிறு கட்டணம் செலுத்தி எவரும் அதை அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். எந்த வங்கிக்கு எதன்மீது அடமானம் இருக்கிறது என்ற விவரமும் அங்கே பதிவாகியிருக்கும்.

அமெரிக்காவிலும் கணக்கு கிடைப்பது நிறுவனத்தின் வடிவத்தைப் பொறுத்ததே. 1960-இல் தொடங்கி இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் டிஸ்கவுண்ட் டயர் என்ற சில்லறை நிறுவனம், பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனம் என்பதால் கணக்கை வெளியிடுவதில்லை. அதைவிடச் சிறியதான மன்ரோ என்ற டயர் சில்லறை நிறுவனம், பங்குச் சந்தையில் இருப்பதால் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. டயர் சில்லறை வணிகத்தின் கணக்கைப் படித்துப் பழக விரும்பும் மாணவர் மன்ரோவின் ஆண்டறிக்கையில் தொடங்கலாம். எம்.ஆர்.எஃப்., அப்போலோ ஆகியவற்றின் அறிக்கைகளை வைத்துச் சில்லறைக் கடையை அளக்கக் கூடாது. அவை டயர் செய்பவை, ரப்பர் விலையும் ஆலைச் செலவும் அவற்றின் கவலை. எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை 2023 ஜூன் மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, டயர் தொழிலில் அவ்வளவு லாபமா என்று வியந்தவர்கள் பலர். அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான், அதனால்தான் ஒரு பங்கின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வியப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

மூன்று கோடி விற்பனையில் மிஞ்சுவது

இனி, கணக்கை விளக்குவதற்காக மட்டும் கற்பனையான எண்களை எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக ஆண்டு விற்பனை 3 கோடி ரூபாய். விற்ற சரக்கின் அடக்கவிலை 2 கோடியே 70 லட்சம். ஆகவே மொத்த லாபம் 30 லட்சம், அதாவது நூற்றுக்குப் பத்து. அதிலிருந்து கடை வாடகை 4.8 லட்சம், ஆட்கள் சம்பளம் 9 லட்சம், மின்சாரம், வண்டிக்கூலி முதலான சில்லறைச் செலவுகள் 3.2 லட்சம், வங்கியில் வாங்கிய 50 லட்சம் ஓ.டி.க்கு (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) நூற்றுக்குப் பத்து வீதம் வட்டி 5 லட்சம் என 22 லட்சம் போய்விடுகிறது. மிச்சம் 8 லட்சம். விற்பனையில் நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய்கூடத் தேறவில்லை.

இந்த எட்டு லட்சத்தையும் உடனே நம்பிவிடக் கூடாது. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை கல்லாவில் உட்காரும் உரிமையாளர் தமக்கென்று சம்பளம் எழுதிக்கொண்டாரா? பெரும்பாலான தனிநபர் கடைகளின் கணக்கில் அந்தச் செலவு எழுதப்படுவதில்லை. அதே வேலைக்கு ஒரு மேலாளரை மாதம் 40,000 ரூபாய் கொடுத்து வைத்தால் ஆண்டுக்கு 4.8 லட்சம் ஆகும். அப்போது கடை ஈட்டிய லாபம் 3.2 லட்சம்தான். கட்டடம் உரிமையாளரின் சொந்தக் கட்டடமாக இருந்து வாடகையே எழுதப்படாமல் இருந்தாலும் இதே போன்ற மயக்கம் உண்டாகும். முதல் போடுபவருக்கு வேண்டியது முதலுக்குக் கிடைக்கும் லாபம். உழைப்புக்கும் இடத்துக்கும் உரிய கூலியை அதனோடு கலந்து பார்த்தால் எதுவும் தெளிவாகாது.

அடுத்தது, மொத்த லாபத்தின் உட்பிரிவு. டயர் நிறுவனங்கள் கடைக்கு ஒவ்வொரு பில்லிலும் கொடுக்கும் தள்ளுபடி ஒன்று. உடனே பணம் கட்டினால் கிடைக்கும் ரொக்கத் தள்ளுபடி இன்னொன்று. மாத, காலாண்டு, ஆண்டு இலக்கை எட்டினால் பிற்பாடு வரவு வைக்கப்படும் ஊக்கத்தொகை மூன்றாவது. நமது எடுத்துக்காட்டில், கொள்முதலில் நூற்றுக்கு இரண்டு இந்த மூன்றாவது வகையாக வருகிறது என்று கொண்டால் அது 5.4 லட்சம். எட்டு லட்சம் லாபத்தில் 5.4 லட்சம், இலக்கை எட்டியதற்காகக் கம்பெனி கொடுத்த தொகை. எட்டாமல் போயிருந்தால் மிச்சம் 2.6 லட்சம். இதனால்தான் மார்ச் மாதத்தில் பல டயர் கடைகளின் கிடங்கு கூரையைத் தொடுகிறது. இலக்குக்காகத் தேவைக்கு மேல் சரக்கை எடுத்துவிட்டு, ஏப்ரலிலும் மே மாதத்திலும் அடக்கவிலைக்கே, சில வேளை அதற்கும் கீழே, தள்ளிவிடுகிறார்கள். மார்ச் 31-ஆம் தேதியின் இருப்புநிலைக் குறிப்பை (அன்றைய சொத்தும் கடனும் காட்டும் தாள்) மட்டும் பார்ப்பவருக்குச் சரக்கு மிகுதியாகவும், லாபம் நல்லபடியாகவும், கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி பெரிதாகவும் தெரியும். அந்த லாபத்தில் ஒரு பகுதி அடுத்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் கரையப்போகிறது என்பது அந்தத் தாளில் எங்கும் இராது. ஆகவே மாதவாரியான கொள்முதலையும் விற்பனையையும் கேட்டு வாங்க வேண்டும்.

சரக்கின் வயதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது, டயரே சொல்லும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சான நான்கு இலக்கங்களைத் தேடிப் பார்த்தால், முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 1424 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், செய்யப்பட்டது. முன்வரிசை டயர்களைப் பார்ப்பதில் பயனில்லை. அவை அடிக்கடி மாறுபவை. அடித்தட்டில், சுவரை ஒட்டி, தூசி படிந்து கிடக்கும் டயர்களைக் கைவிளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது கார் வைத்திருப்பவர்களே தேதியைப் படித்துவிட்டுப் பழைய டயர் வேண்டாம் என்கிறார்கள். அப்படி மறுக்கப்படும் சரக்கு புத்தகத்தில் முழு அடக்கவிலைக்கு நின்றாலும், சந்தையில் அந்த விலை பெறாது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது பணம் சுற்றிவரும் காலம். நமது கடையில் சராசரிச் சரக்கிருப்பு 45 லட்சம். ஆண்டின் அடக்கவிலை 270 லட்சம். எனவே சரக்கு ஆண்டுக்கு ஆறு முறை சுழல்கிறது, ஒரு டயர் சராசரியாக 61 நாள் கடையில் தங்குகிறது. லாரி, பேருந்து, கல்குவாரி உரிமையாளர்களிடம் நிலுவை 40 லட்சம். 300 லட்சம் விற்பனைக்கு அது 49 நாள் கடன். கம்பெனிகளுக்குக் கடை தர வேண்டியது 22.5 லட்சம், அது சுமார் 30 நாள். அறுபத்தொன்றையும் நாற்பத்தொன்பதையும் கூட்டி முப்பதைக் கழித்தால் 80 நாள். டயருக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து அது திரும்பி வரும் நாள் வரை 80 நாள் இடைவெளி இருப்பதால், 62.5 லட்சம் ரூபாய் எப்போதும் கடைக்குள்ளும் வெளியிலுமாக முடங்கிக் கிடக்கிறது. வங்கி ஓ.டி. 50 லட்சம் எதற்காக என்பதற்கு விடை இதுதான்.

குவாரி வேலை மந்தமாகி, வாடிக்கையாளர்கள் பாக்கியை இன்னும் ஒரு மாதம் இழுத்தடித்தால் என்ன ஆகும்? 30 நாள் விற்பனை என்பது ஏறத்தாழ 24.7 லட்சம்; அதையும் கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும்; அதற்கு வட்டி ஆண்டுக்கு 2.47 லட்சம். ஒரு டயர்கூடக் குறையாமல் விற்றும், லாபத்தில் முப்பது விழுக்காடு போய்விடும். இந்தத் தொழிலில் கடை மூடுபவர்கள் விற்பனை இல்லாமல் மூடுவதைவிட வசூல் இல்லாமல் மூடுவதே மிகுதி என்பது என் கருத்து.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது வரி மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். பொதுவான மோட்டார் வாகன டயர்களுக்கு 2017 முதல் 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாயிற்று. டிராக்டர் டயருக்கு 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. வரியோடு சேர்த்த விற்பனையை ஒப்பிட்டால், அதே எண்ணிக்கை டயர் விற்ற கடையும் வியாபாரம் சரிந்த கடை போலத் தோன்றும். மாற்றத்துக்கு முன் 28 விழுக்காடு வரி கட்டி எடுத்த சரக்கை 18 விழுக்காட்டில் விற்றபோது, கட்டிய வரியில் ஒரு பகுதி வரவாகக் கணக்கில் நின்று, பின்வரும் விற்பனையின் வரியில்தான் மெல்ல மெல்லக் கழியும். அதுவரை அதுவும் முடங்கிய பணமே.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங், பஞ்சர் வருமானத்தைத் தனியாகக் கேட்பது நலம். அதில் சரக்கின் பங்கு மிகக் குறைவு. வேலைக்காரரின் திறமையும் இயந்திரமும்தான் மூலதனம். விலையையும் கடையே வைத்துக்கொள்கிறது.

பலகையில் இருப்பது யாருடைய பெயர்

டயர் கடைப் பலகைகளைக் கவனித்தால், கம்பெனியின் குறி நாலடி உயரத்திலும் கடையின் பெயர் ஓரத்தில் சிறிதாகவும் இருப்பதைக் காணலாம். பலகையைச் செய்து கொடுப்பது கம்பெனி என்பதே காரணம். டயரின் மேலுள்ள வணிகக்குறி கம்பெனியுடையது; ஷோரூமுக்கு வைத்த பெயரும், சியட் ஷாப்பி, ஜே.கே. டயர் ஸ்டீல் வீல்ஸ் போன்றவற்றில், கம்பெனியுடையதே. டீலர் ஒப்பந்தம் நடக்கும் வரை அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் பலகை இறங்க வேண்டும். எனவே கூட்டாளியாகச் சேருபவர் படிக்க வேண்டிய முதல் தாள் டீலர் ஒப்பந்தம். உரிமையாளர் அல்லது கூட்டாளிகள் மாறினால் அது தொடருமா என்ற பிரிவை அதில் தேட வேண்டும்.

கடையின் சொந்தப் பெயர் வேறு சங்கதி. வணிகக்குறிகள் சட்டம், 1999-இன்படி ஒரு பெயரைப் பதிவு செய்தால் பத்தாண்டு காப்பு. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பதிவு பொருள் வகைப்படி நடக்கிறது: டயர்கள் 12-ஆம் வகை, சில்லறை விற்பனைச் சேவை 35, வாகனப் பழுதுபார்ப்பும் டயர் ரீட்ரெடிங்கும் (தேய்ந்த டயரைப் புதுப்பித்தல்) 37. சொந்தமாக டயர் செய்யாத கடை 12-ஆம் வகையில் மட்டும் பதிவு வைத்திருந்தால், தேவையான இடத்தில் வேலி இல்லாமல் தேவையற்ற இடத்தில் வேலி போட்டதாகும். பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். விண்ணப்பித்ததாலேயே பதிவாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. அலுவலகத்தின் ஆட்சேபம் நிலுவையில் இருக்கலாம், வணிகக்குறி இதழில் வெளியான பின் நான்கு மாதத்துக்குள் வேறொருவர் எதிர்ப்புத் தெரிவித்திருக்கலாம். பதிவாகாத பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது சட்ட மீறல். இன்னொன்று, பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பது. அண்ணன் பெயரில் பதிவும் தம்பி பெயரில் கடையும் இருக்கும் குடும்பங்களில், பாகப்பிரிவினை வரும்போதுதான் பெயரின் விலை தெரியவரும்.

எல்லாப் பெயரும் ஒரே வலிமையுடையவை அல்ல. ஊர்ப்பெயரோடு பொருளின் பெயரைச் சேர்த்து ‘நெல்லை டயர்ஸ்’ என்பது போல வைத்தால், அது பொருளையும் இடத்தையும் வருணிக்கும் பெயர் என்பதால், நீண்ட பயன்பாட்டால் தனித்தன்மை பெற்றதைக் காட்டாமல் பதிவு பெறுவது கடினம். இதற்கு அமெரிக்காவில் தெளிவான சான்று இருக்கிறது. தள்ளுபடி டயர் என்று பொருள்படும் சாதாரணப் பெயரை வைத்துக்கொண்ட டிஸ்கவுண்ட் டயர், கலிபோர்னியாவுக்குப் போனபோது ஏறக்குறைய அதே பெயரில் வேறொரு நிறுவனம் அங்கே இருந்தது. இன்றும் அந்த மாநிலத்தின் பெரும்பகுதியில் டிஸ்கவுண்ட் டயர், அமெரிக்காஸ் டயர் என்ற பெயரில்தான் கடை நடத்துகிறது. நாடு முழுவதும் செய்த விளம்பரத்தின் பயன் அந்த எல்லையில் குறைந்துவிடுகிறது. நம்மூரிலோ, நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே பெயர்ப்பலகையே வைக்காமல் அல்வா விற்ற கடைக்கு மக்களே இருட்டுக்கடை என்று பெயர் வைத்தார்கள். அல்வாவுக்கும் இருட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், வணிகக்குறி என்ற அளவில் அது மிக வலிமையான பெயர்.

கணக்குக்கும் பெயருக்கும் உள்ள உறவில் புதியவர்களைக் குழப்பும் ஒரு செய்தி உண்டு. தானே வளர்த்த பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரநிலைகள் அனுமதிப்பதில்லை. விலைகொடுத்து வாங்கிய குறியைக் காட்டலாம். ஆகவே முப்பதாண்டுப் பெயருள்ள கடையின் குறிப்பில் அந்தப் பெயருக்கு மதிப்பு ஒன்றுமே இராது. கூட்டாளியிடம் ‘பெயருக்காக’ என்று தனியே பத்து லட்சம் கேட்கப்பட்டால், அது எந்தப் பெயருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்: கம்பெனியின் பெயருக்கா, கடையின் பெயருக்கா?

போட்டி எங்கிருந்து வருகிறது

எதிர்வரிசைக் கடைதான் போட்டியாளர் என்று நினைப்பது இயல்பு. வண்டி வகைக்கு ஏற்பப் போட்டி மாறுகிறது. ஸ்கூட்டருக்கு 90/100-10 அளவில் டயர் போடுபவர் வீட்டுப் பக்கத்திலேயே முடித்துக்கொள்வார். அவருக்கு மேலப்பாளையமும் தச்சநல்லூரும் வெவ்வேறு சந்தைகள். கார்க்காரர் ஊர் முழுவதும் விசாரிப்பார், இணையத்திலும் பார்ப்பார். பத்து லாரி வைத்திருப்பவர் மதுரை விலையையும் தூத்துக்குடி விலையையும் கைபேசியில் கேட்டுவிட்டுத்தான் பேசவே தொடங்குவார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கேரளத்துக்கும் ஓடும் லாரிகள் ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையிலேயே போய்விடுவதால், அவற்றைப் பொறுத்தவரை வண்ணார்பேட்டைக் கடையின் போட்டியாளர் கே.டி.சி. நகர்ப் பக்கம் புறவழிச்சாலையோரம் இருப்பவரே. லாரி டயரில் ரீட்ரெடிங் பட்டறையும் போட்டியாளர்தான். மொட்டையான டயருக்குப் புது ரப்பர்ப் பட்டை ஒட்டி இன்னொரு சுற்று ஓட்ட முடியும்போது, புது டயர் விற்பனை அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது. கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களின் உழவுக்கு முன்பு டிராக்டர் டயரும், குற்றாலச் சீசனிலும் சபரிமலைக் காலத்திலும் கார், வேன் டயரும் கூடுதலாகப் போகும் என்பதால், ஒரு மாத விற்பனையை வைத்து எந்தக் கடையையும் எடைபோடக் கூடாது.

பெயரளவில் போட்டியாகத் தோன்றி, உண்மையில் அப்படி இல்லாதவையும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் அலையன்ஸ், கேலக்ஸி, பிரைமெக்ஸ் என்ற குறிகளில் டயர் செய்யும் ஏ.டி.சி. டயர்ஸ் ஆலை இருக்கிறது. அதன் தாய் நிறுவனத்தை 2016-இல் ஜப்பானின் யோகோஹாமா வாங்கியது. நம் மாவட்டத்திலேயே டயர் ஆலை இருக்கிறதே, உள்ளூர்க் கடைக்கு விலை குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஆவது பண்ணை இயந்திரங்களுக்கும் கட்டுமான இயந்திரங்களுக்கும் உரிய டயர், அதுவும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. வண்ணார்பேட்டையில் கார் டயர் விற்பவருக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

விலையை ஒப்பிடும்போது, அளவு, ரகம், தயாரிப்பு வாரம், உடன் கிடைக்கும் வேலை ஆகிய நான்கையும் ஒன்றாக்கிக் கேட்க வேண்டும். 165/80 ஆர்14 டயர் ஒரு கடையில் நூற்றைம்பது ரூபாய் குறைவு என்றால், வால்வும் பேலன்சிங்கும் அதில் சேர்ந்தவையா, பழைய டயரை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டால் வித்தியாசம் பல வேளைகளில் மறைந்துவிடும். டிஸ்கவுண்ட் டயர் நிறுவனம் 2021-இல் இணையவழி டயர் விற்பனையாளரான டயர் ரேக்கை வாங்கிக்கொண்டதற்கும் இதுவே பின்னணி: விலையைத் திரையில் பார்ப்பவருக்கும் டயரைப் பூட்டித் தர ஒரு பட்டறை வேண்டும்.

மிகப் பெரிய போட்டியாளர் சில வேளை சரக்கு கொடுக்கும் கம்பெனியாகவே இருக்கும். பெரிய வாகனக் குழுமங்களுக்குக் கம்பெனிகள் நேரடியாக விற்கின்றன. அதே தெருவில் இன்னொருவருக்கு டீலர்ஷிப் கொடுக்கவும் முடியும். டயர் விலையை நிறுவனங்கள் கூடிப் பேசி வைக்கின்றன என்று அகில இந்திய டயர் விற்பனையாளர் கூட்டமைப்பே புகார் கொண்டுபோன வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்த செய்தி 2022-இல் வெளியானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு டிசம்பரில் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. வழக்கின் முடிவு எப்படியானாலும், விற்பவரும் விற்கச் சரக்கு தருபவரும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

கூட்டாளியாகச் சேர நினைப்பவர் கடைசியாகக் கேட்க வேண்டிய தாள் நிலுவையின் வயதுப் பட்டியல். யார் யார் எவ்வளவு, எத்தனை நாளாக என்று பிரித்து எழுதிய அந்தப் பட்டியலில், 40 லட்சத்தில் 24 லட்சம் மூன்றே பேரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவரையும் புறவழிச்சாலைக் கடைக்காரரும் கம்பெனியின் நேரடி விற்பனை அதிகாரியும் ஏற்கெனவே சந்தித்துப் பேசியிருக்கிறார்களா என்று அவர்களிடமே போய் விசாரிக்கலாம். அவர்கள் கடையை மாற்றினால் விற்பனை போவதோடு, பழைய பாக்கியும் மெத்தனமாகத்தான் வரும். இந்தப் பட்டியலைக் காட்டத் தயங்கும் உரிமையாளரிடம், மற்ற தாள்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காமல் இருப்பதே முறை.